வலி ஆரம்பிக்கும் இடம்

2025 ஜனவரி 22
அச்சகத்தில் கொடுத்த சாம்பிள் டைரி. எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. இன்று வந்த தபாலுக்காக எழுதுகிறேன்.

போன மாதம் போய் நின்ற ராணுவ மருத்துவ வாரியத்தின் முடிவு. கீழ்முதுகு, பதினைந்து சதவீதம். 2003-இல் என்னைப் பட்டாளத்திலிருந்து அனுப்பியபோது போட்ட அதே பதினைந்து. இருபது இருந்தால்தான் ஊனத்துக்கான பென்சன். அது இல்லாமலும் சாப்பிடுவேன், சிவகாசியில் இரண்டு பட்டாசுக் கடை இருக்கிறது. ஆனால் பனிமலைச் சரிவில் குண்டுப் பெட்டியோடு விழுந்தது நான்தானே? இந்த முதுகு கெட்டது அங்கேதான் என்று ஒரு தாளிலாவது ஒத்துக்கொள்ள வேண்டாமா?

ஜனவரி 24
திருத்தங்கலில் சங்கிலிமுத்துவைப் பார்த்தேன். என்னோடு பட்டாளத்தில் இருந்தவன், இப்போது முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறான்.

"அங்கன போயி என்ன செஞ்ச?"

சொன்னேன். காலையில் வலி மாத்திரை இரண்டு. சட்டைக்குள் பெல்ட். பாலிஷ் போட்ட ஷூ. குனியச் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கணுக்கால் வரை குனிந்தேன்.

தலையில் அடித்துக்கொண்டான். "ஏலே உக்கிரபாண்டி, அது என்ன ஆளெடுப்பா? வலி எங்கன ஆரம்பிக்குதுன்னுதாம்லே அளப்பாக. நீ கடையில நிக்கிற மாதிரி நின்னுட்டு வந்திருக்க."

உண்மைதான். அந்த ஷூவை மாட்டிக் கட்ட எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. டாக்டர் பார்த்தது பளபளப்பை மட்டும்.

முதலாளிக்கு முடியவில்லை என்று தெரிந்தால் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும். இருபது வருடமாக அப்படியே நின்று பழகிவிட்டது.

மேல்முறையீடு போட்டாயிற்று. முடியாததை எல்லாம் தினமும் எழுதி வைக்கச் சொல்கிறான் சங்கிலிமுத்து.

ஜனவரி 26
ஞாயிறு. கோயம்புத்தூரிலிருந்து மகன் பிரபாகரன் பேசினான். "எப்படி இருக்கீகப்பா?" நல்லாயிருக்கேன் என்றேன். இரண்டு நிமிடம்.

பிப்ரவரி 3
கடைச் சாவி கீழே விழுந்தது. காலால் கதவோரம் தள்ளி வைத்தேன். பில் போடும் அருணாதேவி வந்ததும், "அண்ணாச்சி, சாவி இங்கன கெடக்கு." நான் கவனிக்காதவன் மாதிரி, "அப்படியா தாயி" என்றேன்.

பிப்ரவரி 19
மாத்திரை போடாமல், சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். கை முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வரும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

இவ்வளவு மேலேயா?

ஏப்ரல் 6
கால் நகம் வளர்ந்து செருப்பில் இடிக்கிறது. மனைவி அழகுமீனா இருந்தவரை அவள்தான் வெட்டிவிடுவாள். அவள் போய் மூன்று வருடம். சலூனில் முகம் மழிக்கக் கொடுக்கிறேன், காலை நீட்டி இதைச் செய் என்று கேட்க வாய் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் போராடினேன். சுண்டுவிரலில் ரத்தம்.

இதையும் எழுத வேண்டுமா? எழுதிவிட்டேன்.

ஜூன் 15
வீட்டில் என்னைத் தவிர ஒருவர்கூட இல்லாமல் எதற்கு இத்தனை நாற்காலி.

செப்டம்பர் 11
மறுபரிசோதனைக்கு அழைப்பு, அக்டோபர் 9. சரியாகத் தீபாவளி சீசன். கடையை அருணாதேவி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

சங்கிலிமுத்து, "லேசாக் குனிஞ்சதுமே கத்திரு" என்றான். பொய் சொல்ல மாட்டேன் என்றேன்.

"ஏன், இம்புட்டு நாளும் நல்லாயிருக்கேன்னு சொன்னியே, அது உண்மையாக்கும்?"



அக்டோபர் 9
மாத்திரை இல்லை, பெல்ட் இல்லை. காலில் செருப்பு. பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குள் செருப்போடு நடக்கக் கூச்சமாக இருந்தது.

பெண் டாக்டர். முதுகில் டேப் வைத்து அளந்தார். படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு குனியச் சொன்னார். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றேன்.

"இன்னும் போகுமா?"

"போகும் மேடம். ஆனா வலி இங்கன ஆரம்பிச்சிருது."

எழுதிக்கொண்டார். டைரியையும் வாங்கிப் புரட்டினார். ஏப்ரல் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"வீட்ல உதவிக்கு யார் இருக்கா?"

"யாரும் இல்ல." குனிந்ததைவிட இதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

டிசம்பர் 12
முப்பது சதவீதம். வாழ்நாள் முழுமைக்கும். ராணுவப் பணியால் ஏற்பட்டது என்று தனியாக ஒரு வரி. அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். சங்கிலிமுத்துவுக்குப் போன் போட்டேன், சிரித்தான். அதற்கப்புறம் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

டிசம்பர் 14
ஞாயிறு. "எப்படி இருக்கீகப்பா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"குனிய முடியலப்பா."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எம்புட்டு நாளா?"

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து."

டிசம்பர் 21
பிரபாகரன் வந்திருக்கிறான். காலையில் தரையில் உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். கையில் நகவெட்டி.

"ஆட்டாம இருங்கப்பா."

ஆட்டாமல் இருந்தேன்.