ஈறு பிடிக்கும் வரை

மார்ச் 3, செவ்வாய்

முன்பல் போன இடத்தில், செயற்கைப் பல் மாட்டுவதற்காக எலும்புக்குள் நான்கு மாதமாகப் புதைந்திருந்த உலோகத் திருகை டாக்டரம்மா இன்று ஈற்றைக் கீறித் திறந்தார். அதன்மேல் சின்னதாக ஓர் உலோக மூடி. "எலும்பு நல்லா பிடிச்சிடுச்சு. இனி ஈறு இதச் சுத்தி இறுக்கமா ஒட்டணும். அந்த ஒட்டுதான் கிருமி உள்ள போகாம காக்கும். அப்புறம்தான் பல்லு."

ஆறு வாரமாம். ஏப்ரல் முடிவதற்குள் நான் மைக்குக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆள் போடுவாராம் மேலாளர்.

மார்ச் 5

தற்காலிகப் பல்லோடு பேசினால் விசிலடிக்கிறது. அதனால்தான் பேருந்து நிலைய அறிவிப்பாளரான என்னைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, "அன்னைக்கு நீங்க மைக்ல 'பஸ்'னு சொன்னத கண்டக்டர் விசில்னு நெனச்சு வண்டிய எடுத்துட்டேன்க்கா. பாதி சனம் கீழ நின்னுச்சு" என்றார். சிரித்துத் தொலைத்தேன். தையல் சுரீரென்றது.

மார்ச் 12

தையல் பிரித்தாயிற்று. பயத்தில் அந்தப் பக்கம் பிரஷ்ஷே போவதில்லை.

மார்ச் 19

ஈறு சிவந்து வீங்கியிருக்கு. தொட்டா ரத்தம். போச்சு, எல்லாம் போச்சு. திருகக் கழட்டிடுவாங்களா? ஏப்ரல் —

மார்ச் 20

டாக்டரம்மா பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"தேய்க்கலையா?"

"பயமா இருந்துச்சு டாக்டர்."

"அழுக்கு சேந்தா ஈறு ஒட்டாது. மெத்துனு ஒரு பிரஷ் வாங்கி மெதுவா தேய்ங்க. ரத்தம் வந்தாலும் விடாதீங்க. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க."

கழற்ற வேண்டாமாம். வரும் வழியில் மூன்று பிரஷ் வாங்கினேன். எதற்கு மூன்று?

மார்ச் 27

ஏழு வயது மகள் தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அவளுக்கும் முன்பல் விழுந்திருக்கிறது.

"எனக்கு எட்டிப் பாக்குதும்மா. உனக்கு?"

"எனக்கு முளைக்காதுடி. மாட்டணும்."

"பாவம்மா நீ."

ஏப்ரல் 2

ரத்தம் இல்லை. வீக்கமும் வடிந்துவிட்டது.

ஏப்ரல் 14

டாக்டரம்மா மூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். திருகைச் சுற்றி ஈறு, அளவெடுத்துத் தைத்த சட்டைக் கழுத்து மாதிரி, வட்டமாக, இளஞ்சிவப்பாக. மெல்லிய கம்பியால் சுற்றிலும் அளந்தார். ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டு, "இதப் பாரு, எவ்வளவு அழகா பிடிச்சிருக்கு" என்றார். என் முகத்தைக்கூட யாரும் இப்படி ஆள் கூப்பிட்டுக் காட்டியதில்லை. பல்லுக்கு அச்சும் எடுத்தாயிற்று.

ஏப்ரல் 25, சனி

பல் வந்துவிட்டது. வீடு வரும்வரை ஸ, ஸ என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

ஏப்ரல் 27, திங்கள்

மைக். முதல் அறிவிப்பில் ஒவ்வொரு 'ஸ'வையும் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் மழை, எல்லா வண்டியும் தாமதம். எட்டு மணி நேரம் வாய் ஓயவில்லை. எத்தனையாவது அறிவிப்பில் பல்லை மறந்தேன்? தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வருகிறது. மகள் என்னைச் சாய்த்து உட்காரவைத்துப் போர்த்திவிட்டாள்.

"நீ பேசக் கூடாது. இன்னைக்குக் கதை நான் சொல்றேன்."

சொல்லிக்கொண்டிருக்கிறாள். ராஜா இரண்டாவது முறையாகச் செத்துவிட்டார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.