உன் காரில் நான் ஊற்றிய தண்ணீர்

கிள்ளான்,
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் உஷாராணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை லோகன், பேத்தி மூவரும் எட்மண்டன் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். பிரசவ விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாய் என்று அம்மா சொன்னாள். உன் காரை எடுக்காதே. ஸ்டார்ட் கூடச் செய்யாதே. ஏன் என்று கீழே எழுதுகிறேன், படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள், மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டாம்.

இங்கே நாலு நாளாக விடாத மழை, அம்மாவுக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்தே பாட்டில் காலி. செவ்வாய்க்கிழமை நம் வண்டியில் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று நுஃமான் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். டொரன்டோவில் நாலு வருடம் மெக்கானிக் வேலை பார்த்துத் திரும்பினானே, அவன்தான். சும்மா இருக்க முடியாமல், ஆகஸ்டில் அங்கே வந்தபோது உன் காரை நான் கவனித்ததைப் பெருமையாகச் சொன்னேன். ரேடியேட்டரில் பச்சையாகக் கிடந்த கூலன்ட்டை எல்லாம் இறக்கிவிட்டு, வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து நிரப்பினேன், வைப்பர் தண்ணீரும் அப்படித்தான் என்றேன். அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். என்ன அங்கிள், கனடாவில போயி வெறும் பைப் தண்ணியா, ஐஸாயிடும் லா, இன்ஜினே பொளந்துக்கும் என்றான். அது மட்டுமில்லை, நெடுஞ்சாலையில் போகும்போது வைப்பரைத் தட்டினால் அந்தத் தண்ணீர் கண்ணாடியிலேயே உறைந்து முன்னால் ஒன்றும் தெரியாதாம். அந்தக் காரின் பின்சீட்டில்தானே குழந்தையைக் கட்டி உட்கார வைப்பாய். கராஜுக்குள் நிற்பதால் இதுவரை தப்பித்திருக்கலாம், நீ வேலை செய்யும் இடத்தில் நாள் முழுக்க வெட்டவெளியில் நின்றால் தப்பாது என்கிறான்.

அன்றிலிருந்து போனில் உங்கள் ஊர்க் குளிரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மைனஸ் பதினொன்று என்று காட்டுகிறது. நேற்று உனக்கு மூன்று தடவை அடித்தேன். மூன்றாவது தடவை மாப்பிள்ளை எடுத்தார். தீபாவளி முறுக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டேன், வந்துருச்சு மாமா என்றார், வைத்துவிட்டேன். என்ன வாய் எனக்கு, வேண்டாத இடத்தில் முழங்கும், வேண்டிய இடத்தில் திறக்காது. உனக்கு நினைவிருக்கும், குளிர்காலத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதை எல்லாம் மாப்பிள்ளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார், டயர் மாற்ற, கூலன்ட் சோதிக்க, வெளிக்குழாயை அடைக்க என்று. நான் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சிரித்தேன். முப்பத்தொரு வருசம் லோரி ஓட்டுனவன் நான், வண்டிய நான் பாத்துட்டேன் மாப்ள, இனிமே நீங்க தொட வேணாம் என்றேன். அவர் எழுந்து போய்ப் பேனா எடுத்து அந்தக் கூலன்ட் வரியை அடித்துவிட்டார். என் பேச்சை மதித்து அடித்தார் உஷா. அதனால்தான் இனி அவர் அதைத் திறந்து பார்க்கமாட்டார்.

பின்வாசலில் கால் கழுவ நான் மாட்டிவிட்ட ரப்பர் குழாயையும் இன்றைக்கே கழற்றிவிடு. அது மாட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் தங்கி, உறைந்து, சுவருக்குள்ளேயே பைப் வெடிக்குமாம். உள்வால்வை மூடிவிட்டு வெளிக்குழாயைத் திறந்து வைக்க வேண்டும் என்று நுஃமான் சொன்னான். காரை நீங்கள் ஓட்டிக்கொண்டு போகாமல் வொர்க்‌ஷாப் ஆளை வரவழைத்து, தண்ணீரை இறக்கி, உறையாத அந்த ஊர்க் கூலன்ட்டை ஊற்றி, வைப்பர் தண்ணீரையும் மாற்றச் சொல்.

இவ்வளவையும் நீ ஒருத்தி கைக்குழந்தையோடு மறைத்து மறைத்து எப்படிச் செய்வாய்? மாப்பிள்ளையிடம் காட்ட வேண்டாம் என்று மேலே எழுதியதை இப்போது அடித்துவிட்டேன், பார். அடித்தாலும் எழுத்து தெரிகிறது, தெரியட்டும். அம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள், பிடிக்கும்போதே படித்துவிட்டு என்னைத் திட்டுவாள், திட்டட்டும்.

மூவரும் நீண்ட ஆயுளோடு, குறை ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். கார்ச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வரி போடு, அது வரும்வரை நான் போனைக் கீழே வைக்கமாட்டேன்.

மாப்பிள்ளை, தப்பு என்னுடையது. அந்த வரியைத் திரும்ப எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும், நான் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கமலநாதன்