எபிசனுக்கு ஏன் பசிக்கவில்லை

அடகு வைத்த வளையல்களை மீட்கும்வரை வெளியே ஒரு சாயாகூடக் குடிப்பதில்லை என்று சுபிதாவும் அவள் கணவன் எபிசனும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் சில வாரங்களாக அவன் மார்த்தாண்டத்து ஆபீஸ் விட்டுத் தாமதமாக வந்தான். வந்தாலும் பசியில்லை என்றான். சட்டையில் பிரியாணி வாசம் அடித்தது. ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்புமுன் அவள் சீட்டு எழுதினாள்.

"சாவி ஜன்னல்ல இருக்கு. கிழங்கும் மீன்கறியும் மூடி வச்சிருக்கேன். மார்த்தாண்டத்துல யாருகூட, எந்தக் கடையில தின்னுதீங்கன்னு இன்னைக்கு எனக்குத் தெரியணும்."

கூட்டத்துக்கு அழைக்க வந்த பக்கத்து வீட்டு நேசபாய் அதை வாசித்துவிட்டாள்.

"ஏட்டி, அவன் சாயங்காலம் கல்யாண மண்டபத்துல சோறு விளம்பப் போறாம்லா. எனக்க தம்பிதான் சேத்துவிட்டான். உனக்கிட்டச் சொல்லலியா?"

சட்டை கசங்காமல் ஆபீஸ் போகிறவன் பந்தியில் பரிமாறி எச்சில் இலை எடுக்கிறானா என்று நினைத்ததும் சுபிதா வெந்நீர் போட்டு பிளாஸ்க்கில் ஊற்றினாள். அடுத்த கணமே வேறொன்று உறைத்தது. சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"விளம்பப் போற விஷயம் தெரிஞ்சாச்சு. பிளாஸ்க்குல வெந்நீர் இருக்கு, கால்ல ஊத்துங்க. அந்தக் கூலி எங்க போகுதுன்னு மட்டும் நான் வந்ததும் சொல்லணும்."