நம் தெரு மதிலில் இல்லாத முகம்

அண்ணி,

யாரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். வீட்டில் கற்பூரம் தீர்ந்துவிட்டதால் கொசுவர்த்திச் சுருளின் மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: அத்தனையும் உண்மை.

நீங்கள் எங்களை விட்டுப் போனபின் முதல் முறையாக இன்று காலை ஜன்னல் வழியே பெயின்ட் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால், உங்களோடு சாரம் ஏறிய பெண்கள் இரண்டு பேர், நம் மதிலின் கடைசி மூலையில். உங்களை வரைய வேண்டுமாம். "அங்கிள், அக்கா போட்டோ ஒண்ணு குடுங்க" என்றார்கள். பீரோவையே கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். எல்லாப் படத்திலும் நீங்கள் ஏணி மேல், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தேர்தல் வந்தாலே கட்சிக்காரர்கள் கேட்காமல் வெள்ளையடித்து எழுதிவிட்டுப் போகிற மதில் அது. அன்று ஒரு தேர்தலுக்கு முன், "கொழுந்தனாரே, இந்தத் தடவ எங்க பொம்பளைங்களுக்கு உடுறியா?" என்றீர்கள். திருமுல்லைவாயிலையே தானம் தருகிற தோரணையில் தலையசைத்தேன்.

நான்கு பெண்கள், பத்து நாள். தெருவில் பாடுபடுகிற பெண்களையெல்லாம் ஆளுயரத்துக்கு வரைந்தீர்கள். தையல்காரம்மா, ஆட்டோ ஓட்டுகிற பெண், கூடையோடு மீன்கார முனியம்மா. அந்த மீனைப் பார்க்க ஆவடிப் பூனைகள் மின்சார ரயிலேறி வந்தன. பதினொரு பூனைகள் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டன.

மறுநாள் காலை, வர்ணம் காய்வதற்குள், முனியம்மாவின் மகனே சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றான். "யக்கா, நா இன்னா பண்றது? கட்சில சொல்ட்டாங்கோ. அடிச்சே ஆவணும்." நான் மாவீரனைப் போல உங்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். நீங்களோ மறிக்கவே இல்லை.

"அடிச்சுக்கோ நைனா. இங்கேர்ந்து ஆரம்பி."

நீங்கள் காட்டிய இடத்தில் அவன் அம்மா.

பிரஷ்ஷை ஓங்கினான். ஓங்கிய கை ஏழு நாள் அப்படியே நின்றது. அதில் காக்கை கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குடும்பத்தோடு பறந்தும் போயிற்று. பிறகுதான் வாய் திறந்தான்.

"எங்கம்மா மூஞ்சில நானே எப்டிக்கா அடிப்பேன்?"

"பக்கத்துல கீறவங்களுக்கும் புள்ளைங்க கீது நைனா."

வாளியைக் கீழே வைத்தான்.

அப்புறம் அம்பத்தூர் வரைக்கும் பெண்கள் சாரம் கட்டினார்கள். அம்மா முகம் இல்லாத சுவரே கிடைக்காமல் கட்சிக்காரர்கள் மேகத்தில் எழுதிப் பார்த்தார்கள். மழையில் கரைந்துவிட்டது.

ஊரையே வரைந்தீர்கள், உங்களை மட்டும் விட்டுவிட்டீர்கள். கேட்டால், "என் மூஞ்சிக்கு அவ்ளோ பெரிய செவுரு ஏது, போ!"

ஆகையால் இன்று நானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பெண்களுக்கு உங்கள் முகத்தைச் சொன்னேன். இடது புருவத்தில் எப்போதும் ஒரு பச்சைச் சொட்டு. சிரித்தால் வலது கன்னம்தான் முதலில் ஏறும். நான் கதை அளக்க ஆரம்பித்ததும் ஒரு கண் மட்டும் சுருங்கும். அந்தக் கண்ணை நான் மறந்ததே இல்லை.

பாவிகள், அப்படியே வரைந்துவிட்டார்கள். இதை எழுதும்போதும் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கண் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

சரி அண்ணி, ஒப்புக்கொள்கிறேன். பூனைகள் பொய். காக்கை பொய். மேகமும் பொய்.

அவன் வாளியைக் கீழே வைத்தானே, அது மட்டும் உண்மை.