மூன்றாம் வகுப்புக்கே வரும் நாய்

8 ஜூலை 2024, திங்கள்
நாய் வந்துவிட்டது. பெயர் மோட்டியாம். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுப் பள்ளிக்குக் கப்பலில், அதைப் பழக்கிய வைஜெயந்தியோடு. பிள்ளைகளின் மனசுக்கு நல்லதாம். கூரை ஒழுகுகிறது, கேட்க நாதியில்லை, நாய் ஒன்றுதான் குறைச்சல்! மழையில் நனைந்து வராந்தா முழுக்க நாற்றம். என் புடவையில் எச்சில். ஹெட்மிஸ்ட்ரஸ் இந்திராணி மேடத்துக்கு மட்டும் பூரிப்பு: "எவ்வளவு சமத்து பாருங்க உமா!"

11 ஜூலை
ஐந்து வகுப்பு இருக்க, சனியன் என் மூன்றாம் வகுப்புக்கே வருகிறது. நேராக ஜெயராணியின் பெஞ்சடியில் போய்ப் படுக்கிறது. வாய்ப்பாடு வராத பெண், அதன் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் டிபன் பாக்ஸ் மீனால். இனி என் வகுப்பில் மீன் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

16 ஜூலை
யாரும் மீன் கொண்டுவரவில்லை. நாய் வந்தது.

18 ஜூலை
ஜெயராணி ஏழாம் வாய்ப்பாட்டை நாலாவது தடவையும் தப்பாகச் சொன்னாள். ஸ்கேலோடு போனேன். நாய் எழுந்து நடுவில் நின்றது. குரைக்கக்கூட இல்லை. "மேடம், மோட்டி மார்னே நஹி தேகா! அடிக்கவே விடாது!" — பின் பெஞ்சுப் பையன் கத்த, வகுப்பே சிரித்தது. நாயால் என் மானம் போயிற்று.

வைஜெயந்தியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "அது மீனுக்கு வரல மேடம். பயந்த குழந்தை பக்கத்துல போய்ப் படுக்கத்தான் பழக்கியிருக்கோம்" என்றாள். திமிர் பிடித்தவள்!

19 ஜூலை
புகார் எழுதிக் கொடுத்தேன். முடி, எச்சில், உண்ணி. நாலு டீச்சர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் நகலைப் படித்தார். "உண்ணிய நீ பாத்தியா?" பார்க்கவில்லை. "உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

24 ஜூலை
ஜெயராணியின் அம்மா வந்தார். நாய்க்கு ரொட்டி கொண்டுவந்திருந்தார். "முந்தியெல்லாம் வயித்துவலின்னு காலையில அழுவா மேடம். இப்ப எழுப்பாமலே எந்திரிக்கிறா. நீங்க நல்லா இருக்கணும்."

எனக்கு நன்றி! சீ, என்ன ஜென்மம் நான்? என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. மேடத்திடம் ஓடினேன், கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். "நாயத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆபீஸ்ல ஆர்டரே போட்டாச்சு உமா. உண்ணின்னு எழுதினா யாரு வச்சுப்பா?"

27 ஜூலை
இன்று நாயைக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தாராம்.

29 ஜூலை, திங்கள்
ஸ்கேலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். வகுப்பில் சத்தமே இல்லை. நாலு வருஷமாக இதைத்தான் ஒழுக்கம் என்று நினைத்திருக்கிறேனா?

நோட்டைப் பார்க்கத்தான் ஜெயராணி பக்கத்தில் போனேன். எழுந்து நின்று, நான் கேட்காமலே உள்ளங்கையை நீட்டினாள்.