எனக்குன்னு கட்டின மெட்டு

காலை ஷிப்டு பஸ்ஸில் இப்போது ஒரு புதுப் பாட்டு ஓடுகிறது. ஜூஜுவாடியில் நான் ஏறியதிலிருந்து கம்பெனி கேட் வருவதற்குள் இரண்டு மூன்று தரம் போட்டுவிடுகிறார்கள். ஒரே இரைச்சல். நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவேன். போன வாரம் ஒருநாள் அந்த டமடம அடி சட்டென்று நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு ஆம்பளைக் குரல், வார்த்தை இல்லாமல் ஒரு வரியை இழுத்தது. மறுபடி அடி. மறுபடி அதே வரி.

அது நீங்க எனக்குன்னு கட்டின மெட்டு.

நீங்க போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் யாரோ உங்க மெட்டைத் திருடிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்த காவ்யாவை உலுக்கினேன். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரப் பெண், என் லைனில்தான் வேலை செய்கிறாள்.

"ஏய், இது எங்க வீட்டுக்காரர் மெட்டுடி. எனக்காகக் கட்டினது. எவன் எடுத்தான்?"

முன்சீட்டில் இருந்தவள் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரர் மியூசிக் டைரக்டராக்கா? சொல்லவே இல்லியே! கேன்டீன்ல ட்ரீட் உண்டா?" எல்லாரும் சிரித்தார்கள். காவ்யா சிரிக்கவில்லை.

"அக்கா, இது பழைய கன்னடப் பாட்டு. எங்கம்மா களி கிண்டும்போது பாடுவாங்க. அதுல ஒரு துண்டை வெட்டி இதுல ஒட்டியிருக்காங்க. இப்பல்லாம் நெறைய அப்படித்தான் பண்றாங்க."

போனில் தேடி எடுத்து, இயர்போனை என் காதில் வைத்தாள். முழுசாகக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் கன்னடம் எனக்கும் காதில் ஏறிவிட்டதே. திருவிழாவுக்குப் போன ஒருத்தன் வளையல்காரியைப் பார்த்து, இது உனக்குன்னு நானே கட்டின பாட்டு என்கிறான். அடுத்து பூக்காரியிடம் அதையே சொல்கிறான். அதற்கடுத்து மோர் விற்கிறவளிடம். சிரிப்புப் பாட்டு. அந்தப் பொய்கூட உங்க சொந்தப் பொய் இல்லை.

கல்யாணமாகி வந்த புதுசு ஞாபகம் இருக்கிறதா? நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். உங்க அம்மா கன்னடம், எதிர்வீடு தெலுங்கு, தண்ணி பிடிக்கப் போனால் யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுவேன். நீங்க பட்டறையிலிருந்து ஆயில் வாடையோடு வந்து, பக்கத்தில் குத்தவைத்து, மெதுவாக அதை முனகுனீங்க. என்ன பாட்டு என்று கேட்டேன்.

"உனக்குன்னு நானே கட்டினது புள்ளே. இன்னும் வார்த்தை வைக்கல. வைக்கிறப்ப உன் பேரைப் போட்டு வைக்கிறேன்."

எட்டாவது படித்தவள் நான். நம்பினேன். விசேஷ வீடுகளில் மற்றப் பொம்பளைகள் வளையலையும் சங்கிலியையும் தடவித் தடவிக் காட்டும்போது, எனக்குப் பாட்டே கட்டியிருக்கிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வார்த்தை எப்போ வைப்பீங்க என்று கேட்டால், "அவசரப்படாத, நல்லதா ஒண்ணு கெடைக்கட்டும்" என்பீங்க. ரேடியோவில் கன்னடப் பாட்டு வந்தால் எழுந்து போய் மாற்றுவீங்க. "உனக்குப் புரியாதே, தமிழ் போடுறேன்." அதையும் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன். உங்களைக் கிடத்தியிருந்த அன்றைக்கு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்க ஊரில் போனவங்க செய்ததைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவோம். நானும் உங்க தலைமாட்டில் உட்கார்ந்து, எனக்குன்னு பாட்டுக் கட்டின ராசாவே என்று சொல்லி, அந்த மெட்டை இழுத்து இழுத்து அழுதேன். உங்க ஜனம் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உங்க பெரியப்பா விறுவிறுவென்று வெளியே போனார். என் துக்கம் பார்த்துப் பொறுக்கவில்லை போல என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்க தங்கச்சி ரத்னா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கேட்டதும் அவள் முகம் மாறிப்போச்சு.

"அத்திகே, அது அண்ணன் வெளையாட்டுக்குச் சொன்னது. நீ அவ்ளோ நம்பிட்டதும், 'அவகிட்ட யாரும் சொல்லக்கூடாது'ன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

"அன்னைக்கு நான் பாடி அழுதேனே?"

"எழவு வீட்டுல வந்து என்னன்னு சொல்றது?"

"பெரியப்பா எதுக்கு வெளிய போனாரு? சிரிக்கவா?"

அவள் காபி போடப் போய்விட்டாள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லிக் கொதித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "விடும்மா. அப்பா உன்கிட்டதான பாடினாரு. வேற யாருகிட்ட பாடினாரு?" என்றாள். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கும் தெரியுமாடி?"

"ஸ்கூல் ஆண்டு விழாவுல அந்தப் பாட்டுக்கு டான்ஸே ஆடினாங்கம்மா. அப்பா சொல்லாதன்னு சொன்னாரு."

நான் வயிற்றில் சுமந்து பெற்றதையும் உங்க பக்கம் சேர்த்துக்கொண்டீங்க.

நீங்க இருந்திருந்தால் அன்றைக்கே சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஒரு வாரம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முகம் கொடுக்காமல் இருந்திருப்பேன். நீங்க பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பீங்க. அது இன்னொரு பொய்யாகவே இருந்திருக்கட்டும். அதைக்கூடச் சொல்லாமல் போய்விட்டீங்களே. உங்க படத்துக்கு முன்னால் நின்று கத்திப் பார்த்தேன். அது சிரித்துக்கொண்டே இருக்கிறது. இன்னும்தான் எரிகிறது.

அந்த மெட்டு எனக்கு வேண்டாம். பாத்திரம் கழுவும்போது தன்னால் வாயில் வருகிறது. பல்லைக் கடித்து நிறுத்திவிடுகிறேன். கோபத்தை மட்டும் வைத்திருக்கிறேன். மனசு ஆறட்டும் கோயிலுக்குப் போய் வாம்மா என்கிறாள் மகள். போகவில்லை. இது ஆறிப்போனால், அப்புறம் உங்ககிட்ட பேச எனக்கு வேறென்ன இருக்கிறது?