‘என்னைப் பற்றி’ பக்கத்தைக் காணோம்

அவிநாசியப்பர் துணை

பீளமேடு,
வைகாசி 3

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அப்பாவும் நானும் நலம். நீயும் தமிழ்ச்செல்வனும் குழந்தையும் நலமாயிருக்க விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். உன் இணையதளத்தின் அடியில் இருந்த பெங்களூர் முகவரியைப் பார்த்து எழுதுகிறேன்.

ஆமாம் கண்ணு, ஒரு வருஷமாக உன் தளத்தைப் பார்க்கிறேன். நீ தமிழ்ச்செல்வனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து இந்த வீட்டில் உன் பெயரை எடுக்க அப்பா விடுவதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. இணையப் பக்கம் செய்யப் பெண்களுக்கு நீ எழுதும் பாடங்களைச் செலவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்துப் படித்தேன். பெயரைத் தட்டினால் பிரவுசர் முதலில் அந்தப் பெயருக்குரிய எண்ணை விசாரிக்கும், பிறகு அந்த எண்ணில் இருக்கும் சர்வரிடம் போய்ப் பக்கத்தைக் கேட்கும் என்பது முதல் பாடம். மூன்றாம் பாடத்தில், ‘எங்கம்மா அடுப்படி டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டுகிற மாதிரி’, எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று எச்டிஎம்எல்லில் சீட்டு ஒட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அடுப்படியில் நின்றபடியே அழுதுவிட்டேன்.

பாடம் முடிந்ததும் ‘என்னைப் பற்றி’ பக்கத்துக்குப் போவேன். கயல்விழியின் படத்தை மாதாமாதம் அங்கேதான் மாற்றுவாய். அவள் குப்புற விழுந்ததும் தவழ்ந்ததும் நான் அங்கே பார்த்ததுதான்.

அவிநாசித் தேர் முடிந்த மூன்றாம் நாள் அந்தப் பக்கத்தைத் தட்டினால் 404, பக்கத்தைக் காணோம் என்று வந்தது. நெட் இல்லையோ என்று பாடங்களைத் திறந்தேன். ஆறும் வந்தன. அப்படியானால் பெயரும் சரி, சர்வரும் சரி. அந்தப் பக்கத்தை மட்டும் நீ எடுத்திருக்கிறாய். இதைக் கண்டுபிடிக்கவும் நீதானே சொல்லிக் கொடுத்தாய்.

ஏன் எடுத்தாய் என்று கேட்கமாட்டேன். அவிநாசியில் தேர் நிலைக்கு வரும் நேரம் குழந்தையோடு நீ பத்தடி தூரத்தில் நின்றாய். உன் அத்தை ராமாமணி வேண்டுமென்றே, ஏனுங்க அண்ணி, அங்க நிக்கற புள்ள யாருங்க, உங்களையே பாக்குதே என்று கேட்டாள். அப்பாவும் பங்காளிகளும் சுற்றி நின்றார்கள். தெரியலீங்க என்று சொல்லிவிட்டேன். உன் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். முதலை விழுங்கிய பிள்ளையைப் பதிகம் கேட்டு அவிநாசியப்பர் உயிரோடு திரும்பத் தந்த ஊரில் நின்றுகொண்டு, நான் பெற்ற பிள்ளையைத் தெரியாது என்றேன். அன்று வாங்கிவந்த திருநீறு மடித்தபடியே இருக்கிறது. பூசிக்கொள்ள மனம் வரவில்லை.

அப்பாவின் கம்ப்யூட்டரில் நானும் ஒரு பக்கம் செய்திருக்கிறேன். என் மகள் பிரவீனா, என் பேத்தி கயல்விழி என்று இரண்டே வரி. படம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் வருகிறது. உன் பக்கத்தில் இருந்த படத்தின் முகவரியைத்தான் அதில் எழுதியிருந்தேன். படத்தையே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை. என்றைக்கும் அது அங்கே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். சர்வரில் ஏற்றாததால் அந்த இரண்டு வரியும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

என் பெயர் உன் பக்கத்தில் வேண்டாம். குழந்தையின் படத்தை மட்டும் திரும்பப் போடு, அம்மணி. இந்நேரம் நடக்கப் பழகியிருப்பாள்.

பதில் எழுதுவதானால் இந்த வீட்டுக்கே எழுது. தபால்காரர் அப்பா கையில் கொடுத்தாலும் கொடுக்கட்டும். யாரிடமிருந்து என்று அவர் கேட்டால், மகளிடமிருந்து என்று சொல்வேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கருணாம்பிகை உங்கள் மூவரையும் காக்கட்டும்.

அம்மா,
சாந்தாமணி